காகிதக் கூட்டின் கதை



மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், உங்களில் பலர் தயங்காமல் எடிசன் என்று விடை கூறுவீர்கள். இங்கிலாந்தில் ஜோசப் சுவான் என்பவரும் அதே காலத்தில் அம்முயற்சியில் வெற்றி கண்டார் என்று சிலர் சேர்த்துச் சொல்லக்கூடும். ஆண்டு எது என்றால் 1879 என்பீர்கள். ஆனால் அந்த விளக்கின் ஒளி கண்ணை உறுத்தாதபடி, நம் ஊர் வீடுகளில் அதற்கு ஒரு காகிதக் கூடு செய்து மாட்டியவர் யார் என்று கேட்டால், நீங்களும் விழிப்பீர்கள், நானும் விழிப்பேன். விளக்குக்கு வரலாறு இருக்கிறது. கூட்டுக்கு வரலாறு இல்லை. இல்லை என்பதைக் காட்டிலும், எழுதப்படவில்லை என்பதே பொருந்தும். காகிதமும் மூங்கிற் சிம்பும் பசையும் கொண்டு வீட்டிலேயே செய்யும் ஒரு பொருள், இரண்டு மழைக்காலம் கழிந்தால் குப்பைக்குப் போய்விடுகிறது. குப்பைக்குப் போனதை யார் எழுதுவார்கள்? ஆயினும் அந்தக் கூட்டின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இரண்டுக்கும் நடுவே முல்லையாறு. நெல்லும் வாழையும் கொடிமுந்திரியும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை விரித்திருக்கும். இப்போது தேனி மாவட்டம் என்று வழங்கும் இந்தப் பகுதி, 1996 ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அறிவிக்கப்படும் வரையில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. இப்பள்ளத்தாக்கின் வாழ்வை மாற்றியது பெரியாற்று நீர். மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பினார்கள். அந்நீர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நெல்லாக விளைந்தது. பின்னர் 1958 ஆம் ஆண்டில், பள்ளத்தாக்கின் தலைப்பில் லோயர் கேம்ப் என்னுமிடத்தில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மலைமேலிருந்து பெருங்குழாய்களின் வழியே பாய்ந்து இறங்கும் அதே நீர் பொறிகளைச் சுழற்றியது. நெல்லாக விளைந்த நீர், இப்போது ஒளியாகவும் விளைந்தது.

அந்த ஒளி எங்கள் வீட்டுக்கு வந்த ஆண்டு 1962. எனக்கு அப்போது வயது பத்து. என் அக்காளுக்குப் பதினைந்து. அதுவரை எங்கள் வீட்டில் இருந்தவை ஒரு குத்துவிளக்கு, இரண்டு சிமினி விளக்குகள், தோட்டத்துக்கு எடுத்துச்செல்ல ஓர் அரிக்கேன் விளக்கு. கூடத்தின் நடு உத்தரத்தில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு அதில் நூறு வாட் குமிழ் ஒன்றை மாட்டினார்கள். பொத்தானை அழுத்தியதும் வீடு முழுவதும் வெள்ளையாயிற்று. நாங்கள் கைகொட்டினோம். என் அப்பத்தா மட்டும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "சூரியனைக் கொண்டுவந்து கூரையிலே கட்டிவிட்டீர்களே, கண்ணைத் திறந்து சோறு தின்ன முடியவில்லையே அப்பா!" என்றாள்.

அப்பத்தாவின் இந்தச் சொல்லை நான் வெறும் கிழவியின் முறையீடாகவே அன்று எண்ணினேன். இன்று எண்ணிப் பார்க்கையில், விளக்கின் வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. மனிதன் ஒளியைப் பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறான். பெருக்கிய ஒவ்வொரு முறையும் அதை மறைக்கவும் வேண்டியிருந்திருக்கிறது. ஒளியைப் பெருக்கியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பெருகிய ஒளியை வீட்டுக்கு இசைவித்தவர்களின் பெயர்கள் தெரியா.

பழந்தமிழ் வீடுகளின் நிலையை முதலில் பார்ப்போம். நெடுநல்வாடை என்னும் சங்கப் பாட்டில், அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு ஒன்று சொல்லப்படுகிறது. அரண்மனைக்கு யவனர் விளக்கு. குடிமக்களுக்கு அகல் விளக்கு. அகலின் சுடர் சிறியது, கண்ணைக் கூசச்செய்யாது. அதற்கு வேண்டியது காற்றிலிருந்து பாதுகாப்பு ஒன்றே. ஆகவே சுவரிலே மாடக்குழி அமைத்தார்கள். மண்சுவரின் குழிதான் நம் முன்னோரின் விளக்குக்கூடு. ஒளி ஊடுருவும் கூடு ஒன்றைச் செய்ய அவர்களுக்கு ஏற்ற பொருளும் அரிது. நம்மிடம் இருந்தது பனையோலை. எழுத்தைத் தாங்கும், ஆனால் ஒளியை விடாது.

ஒளியை விடும் பொருள் சீனத்தில் பிறந்தது. கி.பி. 105 ஆம் ஆண்டில் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர், மரப்பட்டை, சணல், கந்தைத்துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை ஊறவைத்து இடித்துக் காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி அரசனிடம் அறிவித்தார். மெல்லிய காகிதத்தை மூங்கிற் சட்டத்தில் ஒட்டி உள்ளே சுடரை வைத்தால், காற்று நுழையாது, ஒளி வெளிவரும். சீனர் இதை விரைவில் கண்டுகொண்டார்கள். விளக்குத் திருவிழா என்றே ஒரு விழா அவர்களிடம் வளர்ந்தது. அந்நாட்டின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து வாழ்ந்த தமிழ் வணிகர்கள், அந்நகரத் தெருக்களில் காகித விளக்குகளைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கண்டும், அவற்றை வழக்கமாக ஊருக்குக் கொண்டுவரவில்லை. ஏன்? விளக்கைக் கொண்டுவரலாம், காகிதம் மலிவாகக் கிடைக்காத நாட்டில் அது எத்தனை நாள் நிற்கும்? ஒரு கைத்தொழில் வேரூன்ற வேண்டுமானால், அதன் மூலப்பொருள் ஏழையின் கைக்கு எட்டவேண்டும். இந்த நியதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கதையில் இது மீண்டும் வரும்.

காகிதம் நம்மிடம் வந்த வழியை மொழியே சொல்கிறது. காகிதம் என்ற சொல் பாரசீக, அரபு மொழிகளின் வழி வந்தது. தரைவழி வாணிகத்தின் அடையாளம். கடுதாசி என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. கடல்வழி வாணிகத்தின் அடையாளம். தாள் என்ற சொல்லோ நம்முடையது. நெற்பயிரின் அடித்தண்டுக்குத் தாள் என்று பெயர். தமிழ்ச் சொற்களை அச்சேற்றிய புத்தகம் 1578 ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் வெளிவந்தது. ஆனால் அச்சுக்குக் காகிதம் வேண்டுமே! தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்கு முதலியோர் காகிதத் தட்டுப்பாட்டால் வருந்தி, 1715 ஆம் ஆண்டையொட்டி அருகிலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்று அமைத்தார்கள். அவ்விடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் வழங்கிற்று.

தரங்கம்பாடியோடு தொடர்புடைய ஒரு வேடிக்கையும் உண்டு. மொரேவிய சகோதரர் என்னும் கிறித்துவச் சபையார் 1760 ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, ஒரு தோட்டம் அமைத்துச் சில பத்தாண்டுகள் வாழ்ந்து, பின் நீங்கினார்கள். அதே சபையார் ஜெர்மனியில் நடத்திய நீஸ்கி என்னும் ஊர்ப் பள்ளியில், 1830களில், வடிவகணிதப் பாடத்தின் பயிற்சியாகக் காகிதத்தால் கூம்புகள் செய்து, அவற்றைச் சேர்த்துப் பல முனை நட்சத்திரம் ஆக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அந்த நட்சத்திரம் கிறிஸ்துமஸ் விளக்காக உலகெங்கும் பரவியது. நம் பள்ளத்தாக்கில் கிறித்துவர் மிகுந்து வாழும் இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில், மார்கழிப் பனியில் வாசல்தோறும் தொங்கும் நட்சத்திர விளக்குகளைக் கண்டிருப்பீர்கள். கணக்குப் பாடம் விளக்காக மாறியதைப் பார்த்தீர்களா? என் வீட்டிலே விளக்கு கணக்குப் பாடமாக மாறியது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

என் அக்காள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தப்பட்டவள். அது அந்நாளைய வழக்கம். தம்பியின் படிப்புக்கு வீட்டில் இருந்த கவலையில் நூற்றில் ஒரு பங்கும் அவளுடைய படிப்புக்கு இல்லை. அப்பத்தாவின் முறையீட்டைக் கேட்ட அவள், விளக்குக்கு ஒரு கூடு செய்யத் துணிந்தாள். பட்டம் செய்யும் சிவப்புத் தாள் நான்கு வாங்கினாள். தென்னை ஈர்க்குகளைக் கட்டிச் சட்டம் செய்தாள். கோயிற் கோபுரம் போல மேலே குறுகி, உச்சி மூடிய ஒரு கூடு. பார்க்க மிக அழகாகவே இருந்தது. கூடம் செவ்வந்திப் பூவின் நிறத்தில் ஒளிர்ந்தது. அப்பத்தா அன்று முந்தானையை எடுத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் இரவு தீய்ந்த நாற்றம் எழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கூட்டின் உச்சியில் ஒரு பழுப்பு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கருத்துத் துளையாகித் தீப்பற்றிற்று. எங்கள் கூடத்தை ஒட்டியே கீற்று வேய்ந்த மாட்டுக்கொட்டில். அக்காள் பாய்ந்து எரியும் கூட்டைக் கையால் பிய்த்து எறிந்தாள். தந்தையார் துண்டை நனைத்து அடித்து அணைத்தார். வீடு தப்பியது. அவள் வலக்கையில் ஒரு தழும்பு தங்கியது. "இனி இந்த வீட்டில் காகிதக் கூடு என்ற பேச்சே கூடாது" என்று தந்தையார் உத்தரவு போட்டார்.

தவறு எங்கே? மறுநாள் எங்கள் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியரிடம் நானே சென்று கேட்டேன். அவர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். இழை காய்ந்து ஒளிரும் குமிழில், செலவாகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒளியாகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பம். நூறு வாட் குமிழின் மேற்பரப்பு இருநூறு பாகை செல்சியசை எட்டக்கூடும். காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை அதைவிடச் சற்றே உயர்ந்தது. காற்று ஓட வழியிருந்தால் வெப்பம் மேலே போய்விடும். உச்சியை மூடினால் அங்கேயே தேங்கும். சிமினிக் கண்ணாடியின் மேல்வாய் ஏன் திறந்திருக்கிறது என்று நீ எண்ணிப் பார்த்ததுண்டா என்று அவர் கேட்டார். நான் விழித்தேன். வீட்டுக்கு வந்து அக்காளிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் இருந்தபடியே, "உச்சியைத் திறந்து வைக்கவேண்டும், அடிவாயை அகலமாக வைக்கவேண்டும், குமிழில் காகிதம் படவே கூடாது. அவ்வளவுதானே தம்பி?" என்றாள். ஆசிரியர் அரைமணி நேரம் சொன்னதை அவள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

தந்தையாரின் உத்தரவு மூன்று மாதத்தில் தளர்ந்தது. அதற்குக் காரணம் அப்பத்தாவின் கண்கள். நூறு வாட் குமிழுக்குப் பதிலாக நாற்பது வாட் வந்தது. அக்காள் கனத்த தாள் ஒன்றை விரித்து, அதன் ஒரு மூலையில் ஆணி அறைந்து, நூல் கட்டி, கரித்துண்டால் வில் வரைந்தாள். நூலின் நீளம் பதினாறு அங்குலம். பிறகு அதைப் பாதியாக மடித்து எட்டு அங்குலத்தில் உள்ளே மற்றொரு வில். இரு விற்களுக்கும் இடைப்பட்ட பகுதியை வெட்டி எடுத்து வளைத்து ஒட்டினாள். மேல்வாய் நான்கு அங்குலமும் அடிவாய் எட்டு அங்குலமும் அகலமுள்ள அழகிய கூடு கிடைத்தது. வாய்களுக்கு இரண்டு கம்பி வளையங்கள். மேல் வளையத்திலிருந்து மூன்று கம்பிகள் எழும்பிக் குமிழின் பிடியில் மாட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவிய விரலால் தாளை நீவினாள். எண்ணெய் ஊறிய இடங்களில் ஒளி கூடுதலாகக் கசியும். அவ்வாறு நீவியே மாங்கொடியும் கிளியும் வரைந்தாள். பகலில் அவை கண்ணுக்குத் தெரியா. விளக்கை ஏற்றினால் கிளிகள் வந்துவிடும்.

ஊரார் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கூடு ஒன்றுக்கு இருபத்தைந்து காசு என்று விலை வைத்தாள். தாள் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அங்கேதான் நான் முன்பு சொன்ன நியதி மீண்டும் வருகிறது. எங்கள் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, மலைகளுக்கு அப்பால், சிவகாசி இருக்கிறது. அவ்வூரார் 1923 ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கி, அதன் சீட்டுகளுக்காக அச்சுத் தொழிலையும் வளர்த்து, பின்னர் நாட்காட்டிகளை நாடெங்கும் அனுப்பலானார்கள். ஆண்டு முடிந்த நாட்காட்டியின் கனத்த தாள் எந்தக் குடிசையிலும் இலவசமாகக் கிடைத்தது. அரண்மனைப் பொருளாக இருந்த காகிதம் ஏழையின் கைக்கு எட்டியது. எட்டியவுடன் கைத்தொழில் தானாகவே பிறந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சுவான்சௌ நகரத்தில் நம் வணிகர் கண்டும் கொண்டுவர இயலாததை, எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் பழைய நாட்காட்டியால் செய்தாள்.

இருபத்தைந்து காசுகளாகச் சேர்த்து அவள் எனக்கு வாங்கித் தந்தது ஒரு வடிவகணிதப் பெட்டி. இரண்டு ஆண்டுகள் கழித்து, வட்டக்கோணப் பகுதியை வளைத்தால் கூம்பு உண்டாகும் என்ற பாடம் வந்தது. பதினாறு அங்குல ஆரமுள்ள வட்டத்தின் கால் பங்கு வில்லின் நீளம், எட்டு அங்குல விட்டமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவுக்குச் சமம். எட்டு அங்குல ஆரத்தின் கால் வில், நான்கு அங்குல விட்டத்தின் சுற்றளவுக்குச் சமம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கிட்டு முடித்தபோது என் கை நின்றுவிட்டது. இது அக்காளின் கூடு அல்லவா! தாளின் மூலை செங்கோணம்; செங்கோணம் வட்டத்தின் கால் பங்கு; ஆகவேதான் அவள் மூலையில் ஆணி அறைந்தாள். வீட்டுக்கு ஓடிச் சென்று, "இது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "நாலைந்து தாளைக் கெடுத்தால் ஐந்தாவது தாள் தானே சொல்லும்" என்றாள். அவளுக்கு அந்தத் தேற்றம் தெரிந்தே இருந்தது. தேற்றத்தின் பெயர்தான் தெரியாது. அவள் செய்த கூட்டின் கீழே உட்கார்ந்துதான் நான் படித்துப் பட்டம் பெற்றேன். இந்த எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இத்தகைய காரியம் உலகின் பிற இடங்களில் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். டென்மார்க்கு நாட்டில் யென்சன் கிளின்ட் என்னும் கட்டடக்கலைஞர், 1901 ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டு மண்ணெண்ணெய் விளக்குக்குக் காகிதத்தை விசிறிபோல் மடித்து ஒரு கூடு செய்தார். வீட்டாரும் அதைச் செய்யக் கற்றனர். 1943 ஆம் ஆண்டில் அவர் மகன் அதையே ஒரு தொழில் நிறுவனமாக்கினார். இன்றும் அம்மடிப்புக் கூடுகள் உலகெங்கும் விலைபோகின்றன. ஜப்பானில் கிபு என்னும் ஊர் காகித விளக்குக்குப் பெயர்போனது. 1951 ஆம் ஆண்டில் அங்கே சென்ற இசாமு நொகுச்சி என்ற சிற்பி, மூங்கில் நரம்பின்மேல் முசுக்கட்டை இனத்து மரப்பட்டைக் காகிதத்தை ஒட்டும் பழைய முறையைக் கையாண்டு, மின்குமிழுக்கு ஏற்ற புதிய உருவங்களைப் படைத்தார். அவற்றுக்கு ஒளி என்று பொருள்படும் அகாரி என்ற பெயரைச் சூட்டினார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இலங்கையில் வைகாசிப் பௌர்ணமியின்போது மூங்கிலும் மெல்லிய தாளும் கொண்டு வீடுதோறும் செய்யும் விளக்கை, அங்குள்ள தமிழரும் வெசாக் கூடு என்றே அழைக்கின்றனர்.

நம் நாட்டிலும் இதைப் பற்றி எண்ணியவர்கள் இல்லாமற் போகவில்லை. காந்தியடிகள் 1934 ஆம் ஆண்டில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதன் பொறுப்பை ஏற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்காகிதம் செய்வதை அச்சங்கம் முதன்மையான தொழில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மண்ணெண்ணெய்க்காகக் கிராமத்தின் பணம் வெளியே போகிறது என்று வருந்தி, தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கையும் அவர்கள் உருவாக்கினார்கள். குமரப்பா தம் இறுதிக்காலத்தில் மதுரைச் சீமைக் கல்லுப்பட்டியில், எங்கள் மலைகளுக்குக் கிழக்குப் புறத்தில் வாழ்ந்து, 1960 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் காலமானார். புதுச்சேரி அரவிந்த ஆசிரமத்தார் 1959 ஆம் ஆண்டில் கைக்காகிதத் தொழிற்சாலை தொடங்கினார்கள். கைக்காகிதத்தில் இழைகள் நீளமாக இருப்பதால் அது எளிதில் கிழியாது; ஒளியும் பஞ்சின் வழியே வருவதுபோல் மெத்தென்று வரும். எங்கள் பள்ளத்தாக்கில் குலை தள்ளியபின் வெட்டி எறியும் வாழைத்தண்டின் நார் இதற்கு மிக ஏற்றது. வாழையின் உறவான அபாக்கா என்னும் செடியின் நாரைத்தான் ஜப்பானியர் தம் பணத்தாளுக்குச் சேர்க்கின்றனர். பணத்தாளுக்கு ஏற்ற நாரைத் தரும் குடும்பத்தின் பயிரை நாம் வயலோரத்தில் அழுகவிடுகிறோம்.

எல்லாம் மாறிவிட்டதே, இப்போது இந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். மாறியதனால்தான் சொல்கிறேன். நீல ஒளி தரும் ஒளியுமிழ் டையோடைக் கண்டுபிடித்த ஜப்பானிய அறிஞர் மூவருக்கு 2014 ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு கிடைத்தது. அதன் பயனாகிய எல்.இ.டி. குமிழ்களை, 2015 ஆம் ஆண்டில் தொடங்கிய உஜாலா என்னும் திட்டத்தின்மூலம் இந்திய அரசு மலிவு விலைக்குப் பரப்பியது. ஒன்பது வாட் குமிழ் ஒன்று, பழைய அறுபது வாட் குமிழின் ஒளிக்குக் குறையாமல் தருகிறது. வெப்பமோ மிகக் குறைவு. என் அக்காளின் கையில் தழும்பிட்ட அந்த வெப்பம் போய்விட்டது. காகிதக் கூட்டுக்கு இவ்வளவு ஏற்ற விளக்கு இதற்குமுன் தோன்றியதே இல்லை. ஆனால் கூசும் ஒளி போகவில்லை, முன்னிலும் கூடியிருக்கிறது. அப்பத்தாவின் முறையீடு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆகவே நீங்களே ஒன்று செய்து பாருங்கள். நாற்பது சென்டிமீட்டருக்குச் சிறிது மிகுந்த சதுரத்தாள் ஒன்று போதும். மூலையை மையமாகக் கொண்டு நாற்பதிலும் இருபதிலும் இரண்டு கால் விற்கள் வரைந்து, ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஒட்டுவதற்கு விட்டு வெட்டுங்கள். மேல்வாய் பத்தும் அடிவாய் இருபதும் உள்ள கூடு கிடைக்கும். பசைக்கு ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் கட்டுவோர் அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். மேல்வாயை ஒருபோதும் மூடாதீர்கள். குமிழுக்கும் தாளுக்கும் இடையே இரண்டு விரற்கிடையாவது இருக்கட்டும். எரியும் சுடரையோ பழைய இழைக்குமிழையோ அதனுள் வைக்காதீர்கள். கம்பி வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க, மின்னோட்டத்தை நிறுத்திய பிறகே மாட்டுங்கள். முதல் தாள் கெட்டால் வருந்தவேண்டாம். ஐந்தாவது தாள் தானே சொல்லும்.

சென்ற கார்த்திகையன்று அக்காளைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதை நெருங்கும் அவள் கண்களுக்கு இப்போது ஒளி கூசுகிறது. அப்பத்தாவைப் போலவே முந்தானையால் மறைத்துக்கொண்டாள். பழைய நாட்காட்டி ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கி, மூலையில் ஆணி வைத்து, நான் ஒரு கூடு செய்தேன். என் கைக்கு அந்த வேலை புதிது. மூன்று தாள் கெட்டது. நான்காவதை மாட்டினேன். அவள் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "கிளி எங்கே தம்பி?" என்று கேட்டாள். எனக்குக் கிளி வரையத் தெரியாது. அவள் விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, தழும்புள்ள அந்தக் கையாலேயே வரைந்தாள்.

அவள் செய்த நூற்றுக்கணக்கான கூடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. எதிலும் அவள் பெயரும் இல்லை. வரலாறு படிக்கும் உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். நீங்கள் செய்யும் கூட்டின் உட்புறத்தில், உங்கள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். அந்தத் தாள் நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும், எழுதிய கைக்கு அது நினைவிருக்கும்.